நான்கு மூலையுள்ள தடிப்பு

1.

"மாமா, அலர்ஜிக்குச் சதுரம் போடத் தெரியுமா?"

ஐந்தரை வயதுப் பெண் குழந்தை ஒருத்தி என்னிடம் கேட்டது இது. இந்தக் கதை இந்தக் கேள்வியிலிருந்துதான் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அதைவிடக் கூச்சமான இன்னொன்றையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். இதே கேள்வியை வைத்து ஏற்கெனவே ஒரு துணுக்கு எழுதி, ஒரு வாரப் பத்திரிகையின் சிரிப்புப் பக்கத்தில் போட்டிருக்கிறேன். மூன்றே வரி. பலர் சிரித்தார்கள். கூட வேலை செய்தவர்கள் அதைக் கத்தரித்து அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்தார்கள்.

நீங்களும் இப்போது லேசாகச் சிரித்திருக்கலாம். அதில் தப்பில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் நான்.

2.

கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்:

"தடுப்பூசி நிலையத்தில் அவர் மிகவும் கவனமான ஊழியர் என்று பெயரெடுத்திருந்தார். அவர்"

அடித்துவிட்டேன். அந்த 'அவர்' நான்தான். மரியாதை விகுதிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த தொடக்கம்:

"மழை வருவது போல இருந்த ஒரு காலையில்"

அன்று மழை வந்ததா என்று எனக்கு நினைவில்லை. நினைவில்லாத மழையைக் கதையில் பெய்யவிட்டால் நினைவிருப்பதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

மூன்றாவது:

"டாக்டர் நிமிர்ந்து பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்."

இது உண்மை. ஆனால் இந்த வரியில் தொடங்கினால் கடைசிவரை உங்களுக்கு டாக்டர்மேல்தான் கோபம் வரும். அந்த வரி எனக்கு ரொம்பப் பிடித்துப்போனதற்குக் காரணமும் அதுதான். அதையும் அடித்துவிட்டேன்.

3.

இனி நேராகச் சொல்கிறேன்.

ஊசி போட்ட பிறகு எல்லோரும் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டிய அறை ஒன்று உண்டு. அந்த அறை என் பொறுப்பில் இருந்தது. பன்னிரண்டு நாற்காலி, ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு பதிவேடு, ஒரு ஸ்கேல், ஒரு நீலப் பேனா. "அரைமணி நேரம் உட்காருங்க" என்று நாளெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கு அரைமணி என்றே பெயராகிவிட்டது. "அரைமணி சாப்பிடப் போயிருக்கார், ஒரு மணி நேரமாச்சு, ஆளைக் காணோம்" என்று நர்சுகள் சிரிப்பார்கள்.

என் வேலை தோலைப் பார்ப்பது. ஊசி போட்ட இடம் சிவக்கிறதா, தடிக்கிறதா, வேறு இடத்தில் கொப்புளம் போல எழும்புகிறதா, உதடு வீங்குகிறதா, மூச்சு இழுக்கிறதா. தடிப்பு வந்தால் அதன் ஓரத்தை ஒட்டிப் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் மணியை எழுதிவைப்போம். பத்து நிமிஷம் கழித்துத் தடிப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் பரவுகிறது என்று பொருள். உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். தாண்டவில்லை என்றால் ஸ்கேலை வைத்து அளந்து பதிவேட்டில் எழுத வேண்டும்.

பதிவேட்டில் நான்கு கட்டம் இருக்கும். எத்தனை மில்லிமீட்டர், என்ன நிறம், அரிப்பு உண்டா, கோட்டைத் தாண்டியதா. என்ன வடிவம் என்று கேட்கிற கட்டம் கிடையாது.*

* இதைச் சாக்காகச் சொல்லவில்லை. (முந்தைய வரைவில் சாக்காகத்தான் சொல்லியிருந்தேன். இப்போது தகவலாகச் சொல்கிறேன். இரண்டுக்கும் வார்த்தை ஒன்றுதான் என்பது சங்கடம்.)

தினமும் காலையில் கடிகாரத்துக்கு நேராக நின்று கண்ணை மூடி, "ஆண்டவனே, இன்னைக்கு யாருக்கும் எதுவும் வரக் கூடாது" என்று வேண்டிக்கொண்ட பிறகே முதல் ஆளை உள்ளே விடுவேன். பலரும் என்னைப் பக்திமான் என்பார்கள். வரக் கூடாது என்று கேட்டேனே தவிர, வந்தால் எனக்குச் சரியாகத் தெரிய வேண்டும் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அதைக் கேட்டிருக்கலாம்.

4.

அன்றைக்கு அந்த அம்மாவும் பெண்ணும் மூன்றாவது நாற்காலியில் இருந்தார்கள். அம்மா தையல்காரி. அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்க மறந்து அப்படியே வந்திருந்தாள்.

[முந்தைய வரைவில் அவளைப் பள்ளி ஆசிரியை ஆக்கியிருந்தேன். ஆசிரியை என்றால் பிற்பாடு என்னை நன்றாகத் திட்டுவாள், திட்டு வாங்கினால் மனசு லேசாகும் என்று ஒரு கணக்கு. உண்மையில் அவள் தையல்காரி. திட்டத் தெரியாதவள்.]

"அம்மா, அரிக்குது."

"எந்தக் கை?"

"ஊசிக் கை."

போய்ப் பார்த்தேன். ஊசி போட்ட இடத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை மெல்லப் பிரித்தேன். அதன் கீழே தோல் சிவந்து தடித்திருந்தது. பேனாவை எடுத்து ஓரத்தை ஒட்டிக் கோடு போட ஆரம்பித்தேன்.

"கிச்சுகிச்சு மூட்டாதீங்க மாமா."

"அசையாதே கண்ணு. படம் போடறேன்."

"என்ன படம்?"

"நீயே பாரு."

அவள் கழுத்தை வளைத்துத் தன் புஜத்தையே பார்த்தாள். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"கேள்வியைப் பாருங்க சார்" என்று அம்மா சிரித்தாள். "வாய் அப்படியே எங்க வீட்டுக்காரரை உரிச்சு வெச்சிருக்கு."

நானும் சிரித்தேன். பக்கத்து நாற்காலிக்காரரும் சிரித்தார். சிரித்தபடியே ஸ்கேலை வைத்தேன். இந்தப் பக்கம் இருபத்தைந்து மில்லிமீட்டர். அந்தப் பக்கமும் இருபத்தைந்து. என் கையாலேயே நான்கு நேர்கோடு போட்டிருக்கிறேன். நான்கு மூலையிலும் பேனாவைத் திருப்பியிருக்கிறேன். பிளாஸ்திரி என் இடது உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதுவும் சதுரம்.

தடிப்பு வந்தால் நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று உண்டு; அதில் அடுத்த கேள்வி சாப்பாட்டைப் பற்றியது.

"காலையில என்ன சாப்பிட்டா?"

"முட்டைதான் சார். வேற எதுவும் இறங்கலை இவளுக்கு."

"ஓ... முட்டையா."

எழுதி முடிக்க நேரம் வேண்டி நான் இழுத்த 'ஓ' அது. வேறு எந்தப் பொருளும் அதற்கு இல்லை.

டாக்டரிடம் போனேன். "ஊசி போட்ட இடத்துல தடிப்பு, டாக்டர். இருபத்தஞ்சு மில்லி. அரிப்பும் இருக்கு."

"பரவுதா?"

"இல்லை."

"இருந்தாலும் வம்பு வேண்டாம். எழுதிக் கொடுத்துடுங்க."

பொன்னுக்கு வீங்கி, தட்டம்மை இவற்றுக்கான ஊசியின் முதல் தவணை அது, தாமதமாகப் போட்டது. கார்டில் சிவப்பு மையால் எழுதினேன்: ஒவ்வாமை. இந்த ஊசி மீண்டும் போடக் கூடாது. டாக்டர் கீழே கையெழுத்துப் போட்டார். நான் சொன்னதை வைத்துத்தான் அவர் முடிவெடுத்தார். நிறம் சொன்னேன், அளவு சொன்னேன். குழந்தை சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அதைப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன்.

5.

எட்டு வருஷம் கழித்து ஊழியர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. வயதில் சின்னவரான ஒரு பெண் டாக்டர் திரையில் படங்களைக் காட்டிப் பேசினார். ஒரு புஜம் வந்தது. அதில் சிவப்பாக ஒரு சதுரம்.

"இது என்ன?"

"ஊசி அலர்ஜி" என்றோம் பாதிப் பேர்.

"நல்லாப் பாருங்க. மருந்தோட அலர்ஜி தோல்ல அது இஷ்டத்துக்குப் பரவும். அதுக்கு ஓரத்தை வெட்டி நேராக்கத் தெரியாது. மூலை இருந்தா முதல்ல பிளாஸ்திரியைச் சந்தேகப்படுங்க. இது பசை ஒத்துக்காததுனால வந்த தடிப்பு. இதுக்குப் போய் ஊசியை நிறுத்தினா அந்தக் குழந்தைக்குப் பாதுகாப்பு போச்சு."

பக்கத்திலிருந்த நர்ஸ் என் தோளில் தட்டி, "அரைமணி, உங்க ஜோக்கு" என்றாள்.

எழுந்து வெளியே போனேன். இந்த இடத்தில் "என் உலகமே சுழன்றது" என்று எழுதி, பிறகு அடித்தேன். எதுவும் சுழலவில்லை. தண்ணீர்க் குழாயைத் திறந்து முகம் கழுவினேன். துடைத்துக்கொள்ளத் துணி இல்லை. ஈர முகத்தோடேயே பதிவேட்டு அறைக்குப் போய் அந்த வருஷத்துப் பதிவேட்டைத் தேடி எடுத்தேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பார்கள். நன்றாகத்தான் இருந்தது.

6.

பதிவேட்டில் எழுதியிருந்த அதே தெருவில்தான் தையல்காரி இருந்தாள். முன்கூடம், அதற்குப் பின்னால் மிஷின் போட்ட உள்ளறை. என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள்.

"அரைமணி சாரா? வாங்க, உட்காருங்க. இப்ப என்ன, நான் அரைமணி உட்காரச் சொல்லட்டுமா?"

சிரித்தோம். பெண் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள், வளர்ந்துவிட்டாள், அம்மா உயரம் வந்துவிட்டாள் என்றாள். நான் வாயைத் திறக்கும் முன்பே அவள் பேச ஆரம்பித்தாள்.

"உங்களை நான் நினைக்காத நாள் இல்லை சார். அன்னைக்கு நீங்க மட்டும் கவனிக்காம விட்டிருந்தா, ரெண்டாவது ஊசியையும் போட்டிருப்பாங்க. என்ன ஆகியிருக்குமோ. கடவுள் மாதிரி பார்த்தீங்க."

"அதுக்கப்புறம் பொண்ணுக்கு உடம்புக்கு..."

"ஒன்பது வயசுல பொன்னுக்கு வீங்கி வந்தது. கன்னமெல்லாம் வீங்கி, ஒரு வாரம். சரியாப் போச்சுன்னு நினைச்சோம். அப்புறம்தான் தெரிஞ்சது, ஒரு காது கேக்கலைன்னு. சுத்தமாக் கேக்காது. இனி வராதுன்னுட்டாங்க."

அவள் கழுத்திலிருந்த அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே தொடர்ந்தாள்.

"என் தப்புதான் சார். அன்னைக்குக் காலையில முட்டை கொடுத்துத் தொலைச்சேன். அதனாலதானே ஊசி நின்னுச்சு? நீங்க 'முட்டையா'ன்னு கேட்டப்பவே எனக்குச் சுரீர்னுச்சு. அதோட இந்த வீட்டுக்குள்ள முட்டை வர்றதே இல்லை. அவ பள்ளிக்கூடத்துல யாராவது கேக் கொடுத்தாக்கூடத் தொடாம கொண்டுவந்துடுவா."

இந்த இடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும். நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவள் சொன்ன நன்றியை வாங்கிக்கொண்டு, "உடம்பைப் பார்த்துக்கோங்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் செய்தது தெரியாமல் செய்த பிழை. இது தெரிந்தே செய்தது.

7.

பயிற்சி கொடுத்த பெண் டாக்டரிடம் மட்டும் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "ரெண்டாவது தவணை போட்டிருந்தாலும் அந்த நோய் வந்திருக்கலாம் சார். இந்த ஊசி எல்லாரையும் காப்பாத்தறதில்லை. ஆனா வந்திருக்கக்கூடிய வாய்ப்பு குறைஞ்சிருக்கும்" என்றார். "அவங்களைக் கூட்டிட்டு வாங்க. கார்டைத் திருத்தணும். மீதி ஊசியைப் போடணும்."

அவர் சொன்னதில் முதல் பாதியை மட்டும் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு மூன்று மாதம் திரிந்தேன். வந்திருக்கலாம், வந்திருக்கலாம். அந்த மூன்று மாதத்தில் நான் செய்தது என்னவென்றால், இந்தக் கதையை எழுத ஆரம்பித்தேன். மன்னிப்புக் கேட்கப் போவதைவிட மன்னிப்பைப் பற்றி எழுதுவது சுலபமாக இருந்தது.

என் மனைவிதான் என் வரைவுகளைப் படிப்பவள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு படித்தாள்.

"எப்படி இருக்கு?"

"உங்க கதையில நீங்க ரொம்ப நல்லவரா இருக்கீங்க."

"தப்பை ஒத்துக்கிட்டிருக்கேனே."

"யார்கிட்ட? என்கிட்டயா? நான் என்ன காது போனவளா?"

நான் காகிதங்களை வாங்கிக்கொண்டேன்.

"இதுல 'வருத்தம்'னு எத்தனை இடத்துல வருது, எண்ணிப் பாருங்க" என்றாள். "எட்டு இடம். அந்தப் பொம்பளை வீட்டுக்கு எத்தனை தடவை போனீங்க?"

"ஒரு தடவை."

"கார்டு இன்னும் சிவப்பு மையோடதானே இருக்கு? நீங்க கதையைத் திருத்திட்டே இருக்கறப்ப அந்தப் பொண்ணுக்கு அம்மையும் வந்து தொலைச்சா, அதுக்கு ஒரு ரெண்டாம் பாகம் எழுதுவீங்களா?"

அன்று மாலை அவள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டை மட்டும் எடுத்து வைத்தாள். 'வருத்தம்' என்ற சொல்லை எல்லா இடத்திலும் அடித்தேன். நீங்கள் படிக்கிற இந்தப் பிரதியில், இந்தப் பகுதியைத் தவிர, அது எங்கும் இருக்காது என்று நம்புகிறேன்.

8.

மறுநாள் பகலில் போனேன்.

இந்தத் தடவை உட்காரவில்லை. முன்கூடத்தில் நின்றபடியே சொன்னேன். ஊசியால் வந்த தடிப்பு இல்லை, பிளாஸ்திரிப் பசையால் வந்தது, நான் சரியாகப் பார்க்கவில்லை, தவறாக எழுதிக் கொடுத்தேன், இரண்டாவது ஊசியைப் போட்டிருக்கலாம், போட்டிருக்க வேண்டும், இப்போதும் போடலாம், கார்டைத் திருத்த டாக்டர் கூப்பிடுகிறார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். டாக்டர் சொன்ன முதல் பாதியைச் சொல்லவில்லை. அதை அவரே சொல்லட்டும், என் வாயால் வேண்டாம் என்று தோன்றியது.

தையல்காரி கையில் பாதி வெட்டிய துணி. கத்தரிக்கோல் அதற்குள்ளேயே நின்றுவிட்டது.

"அப்போ முட்டை?"

"முட்டைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைம்மா."

"நீங்க 'ஓ'ன்னீங்களே?"

"சும்மா சொன்னேன்."

"சும்மா" என்று அவள் திருப்பிச் சொன்னாள். அந்தச் சொல்லைத் துணியைத் தடவிப் பார்ப்பது போலச் சொன்னாள். "சும்மா சொன்னீங்களா."

கத்தரிக்கோலை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். மிஷின் ஓட ஆரம்பித்தது. துணி தைக்கும்போது சத்தம் நின்று நின்று வரும். இது நிற்காமல் ஓடியது. போய்விடலாமா, இருக்கலாமா என்று தெரியாமல் நின்றேன். அரை மணிக்கு மேல் இருக்கும்.

அப்போது பெண் பள்ளியிலிருந்து வந்தாள். பையை மூலையில் போட்டுவிட்டு, "அம்மாகிட்ட அளவு கொடுக்க வந்தீங்களா? உட்காருங்க" என்று ஒரு நாற்காலியைக் காட்டினாள். தான் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு சட்டையை எடுத்துக் கொக்கி தைக்க ஆரம்பித்தாள். நான் அவளுக்கு இடது பக்கம் உட்கார்ந்தேன்.

அம்மாவிடம் சொன்னதோடு முடிந்தது என்று வைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் காது அவளுடையது. கேக்கைத் தொடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தவள் அவள். சொன்னேன். என்னை யாரென்று சொல்லி, தொடக்கத்திலிருந்து, தலையைக் குனிந்துகொண்டு, மிஷின் சத்தத்துக்கு நடுவே தணிந்த குரலில் சொன்னேன். சொல்லி முடித்து நிமிர்ந்தேன்.

அவள் ஊசியில் நூலைக் கோத்து, முடிச்சுப் போட்டு, பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு யதேச்சையாகத் திரும்பியவள் என் முகத்தைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"ஏதாவது சொன்னீங்களா? அந்தப் பக்கம் எனக்குக் கேக்காது."

9.

இந்தக் கதைக்கு மூன்று முடிவு எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் முடிவில் தையல்காரி உள்ளேயிருந்து வந்து, "வெளியே போங்க" என்கிறாள். எனக்கு நிம்மதியாக இருக்கிறது. ஆகவே இதை நம்பாதீர்கள்.

இரண்டாவது முடிவில் அவள் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "தெரியாமத்தானே செஞ்சீங்க" என்கிறாள். இதை எழுதும்போது என் கையெழுத்து மிக அழகாக வந்தது. ஆகவே இதையும் நம்பாதீர்கள். தெரிந்தே செய்த மூன்று மாதம் இதில் இல்லை.

மூன்றாவதில் நான் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்து, "ஒண்ணுமில்லைம்மா, சும்மா ஏதோ முணுமுணுத்தேன்" என்கிறேன். அவள் கொக்கியைத் தைக்கத் திரும்பிவிடுகிறாள். சொல்லியும் ஆயிற்று, அவளுக்குத் தெரியவும் இல்லை. உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, வாசலில் யாரும் இல்லை. கதை எழுதுகிறவனுக்கு இதைவிட வசதியான முடிவு அமையாது. அவள் கேட்டதற்கும் நான் அசைந்ததற்கும் நடுவில் இந்த முடிவு முழுதாக என் வாய்வரை வந்தது. அதை உங்களிடம் மறைக்கவில்லை.

எது நடந்தது என்று என் மனைவி கேட்டாள். அவளிடமும் சொல்லவில்லை. தாயும் மகளும் மறு வாரம் நிலையத்துக்கு வந்தார்கள், கார்டு திருத்தப்பட்டது, அந்த வரைக்கும் பதிவேட்டில் இருக்கிறது. அதற்கு முன்னால், அந்த முன்கூடத்தில், யார் என்ன பேசினார்கள் என்பதை நீங்கள் உங்கள் மனசுக்குச் சரியென்று பட்டபடி எழுதிக்கொள்ளுங்கள். பெண் என்ன சொன்னாள் என்பதை எழுதிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. ஏற்கெனவே ஒரு தடவை அவள் பேச்சை எடுத்துப் பத்திரிகையில் போட்டவன் நான்.

என்னுடைய பங்கை மட்டும் எழுதி நிறுத்துகிறேன்.

எழுந்தேன். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றிப் போய், அவளுடைய வலது பக்கம் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னேன்.